ட்ரஸ்டிக்கு ஆருக்குப் போடுறது? (ஸ்காபரோ, ரொறன்ரோ)

கேள்வி: 2022 செப்டம்பர் 18

அண்ணாமார், அக்காமார், ஒக்டோபர் 24 தேர்தலுக்கு எங்கட கதவில இப்பவே நாலு துண்டுப்பிரசுரம் செருகிக் கிடக்கு. மேயர் விளங்குது, கவுன்சிலர் விளங்குது. இந்தப் பாடசாலைச் சபை ட்ரஸ்டி எண்ட ஆள் என்ன செய்யிறவர்? நாலு பேரும் ஒண்டைத்தான் எழுதியிருக்கினம்: தரமான கல்வி, பாதுகாப்பான பாடசாலை, பெற்றோரின் குரல். எங்கட மனுசன் சொல்லுறார், "தமிழ்ப் பேரைப் பாத்துப் புள்ளடியைப் போட்டிட்டு வா, எல்லாம் ஒண்டுதான்" எண்டு. மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூண்டாம் வகுப்பு. அப்பிடிப் போட்டால் போதுமோ?

செப். 18, இரவு

போதாது.

ஆளைத் தேடமுதல் உங்கட வாக்குச்சீட்டில எந்தச் சபை வரும் எண்டு பாருங்கோ, தங்கச்சி. ஒன்ராறியோவில அரசாங்கக் காசில நடக்கிற சபை நாலு வகை: ஆங்கிலப் பொது, ஆங்கிலக் கத்தோலிக்கம், பிரெஞ்சுப் பொது, பிரெஞ்சுக் கத்தோலிக்கம். ஒருத்தருக்கு ஒரு சபைதான். ஒண்டும் பதியாமல் விட்டால் ஆங்கிலப் பொதுவுக்குள்ள போட்டிடுவினம். துண்டுப்பிரசுரம் குடுக்கிற பொடியளுக்கு இது ஒண்டும் தெரியாது, ஒழுங்கை முழுக்க எல்லாக் கதவிலயும் செருகிக்கொண்டு போவாங்கள். அந்த நாலில ஒண்டு உங்களால வாக்குப் போடவே ஏலாத ஆளின்ரயா இருக்கலாம்.

செப். 19

பாத்தீங்களோ! நாலில ரெண்டு கத்தோலிக்கச் சபைக்கு எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். குப்பைக்குள்ள போடாமல் பக்கத்து வீட்டு மன்னார்க்காரருக்குக் குடுங்கோ.

செப். 20

ட்ரஸ்டியால என்ன ஏலாது எண்டதில இருந்து தொடங்குறன். அது தெரிஞ்சால் துண்டுப்பிரசுரத்தில பாதி தானாக் கழண்டு விழும்.

பாடத்திட்டம் மாகாணத்தின்ர. ஆசிரியர் சம்பளப் பேச்சின்ர பெரும்பகுதி மாகாணத்தோட. வரி போடுற அதிகாரம் முந்திச் சபையளுக்கு இருந்தது. அப்ப ஒன்ராறியோ முதல்வரா இருந்த மைக் ஹாரிஸின்ர அரசு 1997 இல சட்டம் கொண்டுவந்து 129 சபையளை 72 ஆக்கி, கல்விக் காசை முழுசாத் தன்ர கைக்குள்ள எடுத்தது. அதை எதிர்த்து ஆசிரியர்மார் ரெண்டு கிழமை வெளியில நிண்டவை. அப்ப வந்த புதுசு, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, பள்ளிக்கூடம் பூட்டு எண்டது மட்டும் விளங்கினது. ஸ்காபரோவுக்கெண்டு இருந்த தனிச் சபையும் அதோட முடிஞ்சுது. 1998 இல இருந்து முழு நகரத்துக்கும் ஒரே ரொறன்ரோ மாவட்டச் சபை. பிள்ளையளின்ர தொகையைப் பாத்து மாகாணம் காசு அனுப்பும், சபை அதைப் பிரிக்கும்.

அந்தப் பிரிக்கிறதில இருக்கு விசயம். வருசத்துக்கு 3 பில்லியன் டொலருக்கு மேல. ஏறத்தாழ 235,000 பிள்ளையள், 580 பாடசாலையள். இவ்வளவுக்கும் 22 ட்ரஸ்டிமார். அவை பாதீட்டை நிறைவேற்றுவினம், கல்விப் பணிப்பாளரைத் தெரிவு செய்வினம், எந்த ஒழுங்கைப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எண்ட எல்லைக்கு வாக்குப் போடுவினம், எந்தச் சிறப்புத் திட்டம் எங்க வைக்கிறது எண்டதுக்கும் போடுவினம். அதிபரை மாத்துறது, ஆசிரியரைப் போடுறது எல்லாம் அதிகாரிமாரின்ர வேலை.

இப்ப திரும்பத் துண்டுப்பிரசுரத்தை எடுங்கோ. "எங்கள் பாடசாலைகளை மூட விடமாட்டேன்" எண்டு ஒராள் போட்டிருக்கிறார் எல்லே? 2017 இல இருந்து பாடசாலை மூடுறதை மாகாணம் நிப்பாட்டி வைச்சிருக்கு. ஆரும் மூட ஏலாததை மூடவிடமாட்டன் எண்டு சொல்ல நானும் ரெடி.

செப். 20, பிறகு

"அப்ப ஏன் இந்தப் பதவி?" எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். எல்லை மாத்தின இரவு என்னோட கூட்டத்தில இருந்திருந்தால் கேட்டிருக்கமாட்டியள். எங்கட ரோட்டின்ர ஒரு பக்கம் ஒரு பள்ளிக்கூடம், மற்றப் பக்கம் வேற பள்ளிக்கூடம். ரெண்டு வீட்டுத் தாய்மாரும் காலமையில ஒரே நேரம் பிள்ளையளை இழுத்துக்கொண்டு எதிர் எதிர்த் திசைக்கு ஓடுவினம். நான் அப்ப பாடசாலைப் பெற்றோர் குழுவில இருந்தனான். அண்டைக்கு எங்கட ட்ரஸ்டி வந்தவர், கடைசி வரிசையில இருந்தவர், ரெலிபோனைப் பாத்தவர், எழும்பிப் போயிட்டார். பேர் சொல்லமாட்டன். ஆள் இப்ப அதில இல்லை.

செப். 29

இண்டையில இருந்து வீட்டு முன் புல்லில தேர்தல் விளம்பரப் பலகை நடலாம். காலமை வேலைக்குப் போகேக்க ஒண்டும் இல்லை, பின்னேரம் திரும்பி வரேக்க சந்தியில ஒரு காடு.

எங்கட வட்டாரத்தில நிக்கிற ஆக்களைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். வட்டாரத்தின்ர பேரும் ஆக்களின்ர பேரும் போடமாட்டன், இங்க வாசிக்கிறதில பாதிப்பேர் ஆருக்கோ சொந்தம்.

பெரிய பலகை வீடு விக்கிற முகவரின்ர. சிரிச்ச முகம், அதே படம் பஸ் தரிப்பிடக் கதிரையிலயும் இருக்கு. தேர்தலுக்கு நிக்கிறாரோ வீடு விக்கிறாரோ எண்டு எங்கட அம்மாவுக்குச் சந்தேகம், எனக்கும்தான்.

ரெண்டாவது, ஊர்ச் சங்கத்தில தலைவரா இருந்த ஐயா. நல்ல மனுசன். செத்த வீடு, கலியாண வீடு, ஒண்டும் தவறவிடமாட்டார். அவரின்ர பழைய மாணவர் சங்கம் வீடு வீடா ரெலிபோன் அடிக்குது. எங்கட வீட்டுக்கும் அடிச்சவை, "தம்பி, நீ எந்தப் பள்ளிக்கூடம்?" எண்டதுதான் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தைக் கேக்கினம். ஸ்காபரோப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

மூண்டாவது, இங்க பிறந்த எங்கட பிள்ளை ஒண்டு, பல்கலைக்கழகம் முடிச்சு ரெண்டு மூண்டு வருசம் இருக்கும். நாலாவது, ஜமேக்காவில இருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மிச்சம் ரெண்டு பேர் மனுப் போட்டதோட சரி. கவுன்சிலருக்கு நிக்கிறதெண்டால் 25 பேரின்ர கையெழுத்து வேணும். ட்ரஸ்டிக்கு அதுவும் தேவையில்லை, 100 டொலர் கட்டினால் பேர் சீட்டில வந்திடும்.

எல்லாருக்கும் ரெலிபோன் எடுக்கப்போறன். கேள்வி ஒண்டுதான்: போன நாலு வருசத்தில சபை எடுத்த ஏதாவது ஒரு முடிவைச் சொல்லுங்கோ, அதில நீங்கள் இருந்திருந்தால் எப்பிடிப் போட்டிருப்பியள்?

ஒக். 2

முகவர்: "நான் எல்லாத் தரப்பையும் கேட்டு முடிவெடுப்பன்." எந்த முடிவு எண்டு திரும்பக் கேட்டன். "எல்லாம்."

ஐயா: "தம்பி, எங்கட பிள்ளையளுக்குத் தமிழ் வேணும்." அது சரி, எனக்கும் வேணும். ஆனால் சபை சர்வதேச மொழித் திட்டத்தில கனகாலமாத் தமிழ் வகுப்பு நடத்துது. அதில என்ன குறை, எந்த இடத்தில வகுப்பு காணாது எண்டு கேட்டன். தைப்பொங்கல் விழாவில தான் பேசினதைச் சொன்னார்.

ஆசிரியை அரை மணித்தியாலம் கதைச்சா. விசேட தேவையுள்ள பிள்ளையளுக்கு வகுப்பில நிக்கிற உதவியாளர் காணாது, மாகாணம் குடுக்கிற காசைவிடச் சபை கூடச் செலவழிக்குது, அந்த ஓட்டையை எதால அடைக்கிறது எண்டு ஒரு பாடம். குறிப்பு எடுத்தன்.

இங்க பிறந்த தமிழ்ப் பிள்ளை ரெலிபோன் எடுக்கேல்லை. இரவு பத்து மணிக்குத் திருப்பி அடிச்சுது. சிறப்புத் திட்டங்களுக்குப் பிள்ளையளைக் குலுக்கிப் போட்டு எடுக்கிற லொத்தர் விசயத்தைச் சொல்லி, அதுக்கு ஆதரவாப் போட்டிருப்பன் எண்டுது. எனக்கு விருப்பமில்லாத பதில், ஆனால் அதுதான் முதல் நேரான பதில்.

ஒக். 5

மேல ஒராள் எழுதியிருக்கிறார், "பிள்ளை கத்தோலிக்க உயர்பாடசாலையில படிக்குது, அதால கத்தோலிக்க ட்ரஸ்டிக்குப் போடலாம்" எண்டு. இல்லை அண்ணை. உயர்பாடசாலைக்குச் சைவப் பிள்ளையையும் எடுப்பினம், ஆனால் அந்தச் சபைக்கு வாக்குப் போடக் கத்தோலிக்கரா இருந்து, அந்தச் சபையின்ர ஆதரவாளர் எண்டு பதிஞ்சும் இருக்கவேணும். நீங்கள் சைவம். பிள்ளை அங்க படிச்சாலும் வாக்கு பொதுச் சபைக்கு. மறுவளமா, எங்கட கத்தோலிக்கச் சனம் கனபேர் பதியாமல் பொதுப் பட்டியலிலயே இருக்கினம், வாக்குச்சாவடியில போய் நிண்டு சண்டை பிடிப்பினம். பதிவை இப்பவே பாக்கலாம்.

குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிடத்தில இருக்கிறவைக்கு வாக்கே இல்லை. பிள்ளை போற பள்ளிக்கூடம், கட்டுற வரி, எல்லாம் இருக்கு, வாக்கு மட்டும் இல்லை. இது எனக்குச் சரியாப் படேல்லை.

ஒக். 8

லொத்தரைப் பற்றி எல்லாரும் கேக்கிறதால நீளமா எழுதுறன். விருப்பமில்லாதவை தாண்டிப் போங்கோ.

கலைப் பாடசாலை, கணித விஞ்ஞானத் திட்டம் இப்பிடியான இடங்களுக்கு முந்தித் தெரிவுப் பரீட்சை, மேடைத் தேர்வு, புள்ளி எண்டு இருந்தது. இந்த வருசம் மே மாதம் ட்ரஸ்டிமார் வாக்குப் போட்டு அதை மாத்திவிட்டினம். இனி விருப்பத்தை எழுதிக் குடுக்கிறது, இடத்தைவிடக் கூடப்பேர் கேட்டால் குலுக்கல். அதிதிறமையுள்ள பிள்ளையளுக்கான கிஃப்டட் வகுப்பு இதுக்குள்ள இல்லை, அது விசேட கல்விக்குக் கீழ வாறது. ரெண்டையும் சேத்துக் குழப்பாதேங்கோ. ஆனால் இதைவிடத் தெளிவான ட்ரஸ்டி முடிவு உங்களுக்கு வேற கிடைக்காது. மாகாணம் செய்யேல்லை, அதிபர் செய்யேல்லை, உங்கட வாக்கில போனவை செய்தது.

எங்கட கடையளிலயும் கோயில் வாசல்லயும் கேக்கிற பேச்சு: "கஸ்ரப்பட்டுப் படிச்ச பிள்ளைக்கு லொத்தரோ?" நானும் அந்தக் கட்சிதான். மூத்தவள் வயலின் வாசிச்சுத் தெரிவாகிப் போனவள். அண்டைக்கு வீட்டில ஒரு திருவிழா.

போன கிழமை அந்தப் பிள்ளை ரெலிபோனில கேட்ட கேள்வி விட்டுப்போகுதில்லை. "அங்கிள், உங்கட மகளுக்கு வயலின் ஆர் படிப்பிச்சது?" கிழமைக்கு ரெண்டு தரம் தனி வகுப்பு. நான் காரில வெளியில இருந்து கோப்பி குடிச்ச வருசங்கள். அதே கட்டடத்தில இரவு வேலைக்குப் போற தாயின்ர பிள்ளைக்கும் கை இருந்திருக்கும், காரும் காசும் இருந்திருக்காது. தெரிவுப் பரீட்சை எண்டு நாங்கள் சொல்லுறதுக்குள்ள தகப்பன்ர பொக்கற்றும் இருக்கு.

அதுக்காக லொத்தருக்கு மாறிட்டன் எண்டில்லை. வயலினைத் தொடாத பிள்ளையைக் குலுக்கலில எடுத்து, தொட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பள்ளிக்கூடம் எதுக்கு? எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் சின்ன வகுப்பில இருந்தே வாத்தியமும் ஆசிரியரும் இருந்தால்தான் கடைசியில நடத்துற தேர்வு தேர்வாகும். அதுக்குக் காசு வேணும், அது பாதீடு. பாதீட்டைக் கேட்டால் முகவர் "எல்லாத் தரப்பையும் கேப்பன்" எண்டுவார்.

ஆக, லொத்தரில ஆர் எந்தப் பக்கம் எண்டதை வைச்சு மட்டும் ஆளைத் தள்ளாதேங்கோ. அதைப் பற்றின சபை அறிக்கையை வாசிச்சவரோ எண்டு பாருங்கோ. ரெண்டு பேர்தான் வாசிச்சிருந்தவை.

ஒக். 9

"இவ்வளவு எழுதுறீங்கள், நீங்கள் ஏன் நிக்கேல்லை?" ஏனெண்டால் கூட்டம் இரவு பதினொரு மணி தாண்டும், காலமை ஆறு மணிக்கு எனக்கு வேலை. கவுன்சிலருக்குச் சம்பளம் லட்சத்துக்கு மேல, ட்ரஸ்டிக்குக் கிடைக்கிற மதிப்பூதியத்தில ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற் எடுக்கவும் பாடுபடவேணும். அதாலதான் ஓய்வுபெற்றவை, சொந்தத் தொழில் உள்ளவை, இல்லாட்டி அடுத்த பதவியில கண் வைச்சவை நிக்கிறது.

ஒக். 13

முன்கூட்டிய வாக்களிப்பில போட்டிட்டன், 14 ஆம் திகதியோட அது முடியுது. ஆசிரியைக்கு. மனுசி இங்க பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு. வீட்டுக்குள்ள ரெண்டும் ஒண்டை ஒண்டு வெட்டிப்போட்டுது, மிஞ்சினது காரின்ர பெற்றோல் செலவுதான்.

அவவின்ர நியாயத்தையும் எழுதவேணும். "22 பேர் இருக்கிற மேசையில இந்தப் பள்ளிக்கூடங்களில படிச்சு வந்த ஒரு பிள்ளை இருக்கவேணும், பாதீடு பழகலாம்" எண்டுறா. தமிழ் எண்டதுக்காகப் போட்டதோ எண்டு கேட்டன். "அதுவும்தான், அதில என்ன வெக்கம்?" எண்டா. வெக்கம் இல்லைத்தான். தமிழ்ப் பேருள்ள ரெண்டு பேர் ஒரே சீட்டில நிக்கேக்க அது மட்டும் காணாது. பேரைப் பாத்துப் போடுற சனம் அங்க ரெண்டாப் பிரியும், கடைசியில பஸ் கதிரைக்காரர் வெல்லுவார்.

ஒக். 16

மாமாவுக்கு 84. ஐயா வாக்குக் கேட்டு வந்தவர், மாமா கதிரையைப் போட்டு இருத்தி, தேத்தண்ணி குடுத்து, "மருமகளுக்கு ஒரு ஆசிரியர் வேலை பாத்துத் தாங்கோ" எண்டார். ஐயாவும் "பாப்பம்" எண்டிட்டுப் போறார்!

கோவிக்கேலாது. மாமா படிச்சது இந்து போர்ட் பள்ளிக்கூடத்தில. 1923 இல தொடங்கின சபை, யாழ்ப்பாணத்தில எத்தினையோ சைவப் பள்ளிக்கூடம் அதின்ர கையில இருந்தது. 1960, 61 இல அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பெடுக்கும் வரைக்கும் ஆசிரியர் நியமனமெல்லாம் முகாமையாளர்மாரின்ர கையில. போர்ட்டில ஆளைத் தெரிஞ்சால் வேலை, தெரியாட்டில் இல்லை. மாமா இண்டைக்கும் ட்ரஸ்டியை அப்பிடித்தான் பாக்கிறார். வயசுபோன சனம் கனபேர் ஊர்ச்சங்க ஆளுக்குப் போடுறதுக்கு இதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன். அவைக்குத் தெரிஞ்ச போர்ட்டில அது புத்தியான வாக்கு.

ஒக். 24

தீபாவளியும் தேர்தலும் ஒரே நாள். ஆர் இந்தத் திகதியை வைச்சது எண்டு கேட்டவைக்கு: சட்டத்தில ஒக்டோபர் நாலாவது திங்கள் எண்டு கிடக்கு, தீபாவளிதான் வந்து விழுந்தது. கோயிலுக்குப் போற வழியில போட்டிட்டுப் போங்கோ. புள்ளடி இல்லை, வட்டத்தை நிரப்புறது. மேயரையும் கவுன்சிலரையும் நிரப்பிப்போட்டுச் சீட்டைக் குடுத்திடாதேங்கோ, கீழயும் பாருங்கோ.

ஒக். 25

எங்கட ரெண்டு பேரின்ர ஆளும் தோத்துப்போச்சுது. ஐயாவும் தோத்தார். ஆர் வெண்டது எண்டு உங்களுக்கே விளங்கும்.

நகரம் முழுக்க வாக்களிச்சது 30 வீதத்துக்கும் கீழ. 2018 இல 41. அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளயும் ட்ரஸ்டி வட்டத்தை வெறுமையா விட்டிட்டுப் போறவை இருப்பினம். இப்பிடிப்பட்ட இடத்தில பலகை கூட நட்டவர் வெல்லுறது அதிசயமில்லை. காசுக் கணக்கு அடுத்த வருசம் நகரசபை இணையத்தளத்தில வரும். கம்பனியும் தொழிற்சங்கமும் குடுக்கேலாது, தனியாள் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலர் வரைக்கும். விருப்பமானவை அப்ப போய்ப் பாருங்கோ, நான் பாப்பன்.

நவ. 6

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் பூட்டு. மாகாணம் முழுக்க 55,000 கல்விப் பணியாளர். மாகாணம் சட்டம் போட்டு வேலைநிறுத்தத்தைத் தடுத்தது, அவை அதையும் மீறி வெளிக்கிட்டவை. எங்கட சனம் புது ட்ரஸ்டிக்கு அடிச்சுப் பேசுதாம். அவர் 15 ஆம் திகதிதான் பதவியேக்கிறார்! ஏத்தாலும் இதில அவருக்கு வாயே இல்லை. குயீன்ஸ் பார்க்கில இருக்கிற மாகாணச் சட்டசபைக்கு அடியுங்கோ. மனுசனில எனக்குப் பாவமாக் கிடக்கு, இப்பிடி எழுதுவன் எண்டு நான் நினைக்கேல்லை.

2025 யூலை 3

மூண்டு வருசத்துக்குப் பிறகு இதைக் கிளறுறன்.

ஜூன் 27 இல மாகாணம் ரொறன்ரோ மாவட்டச் சபையை மேற்பார்வைக்குள்ள எடுத்திட்டுது. ரொறன்ரோக் கத்தோலிக்கம், ஒட்டாவா-கார்ல்டன், டஃபரின்-பீல் கத்தோலிக்கம் மூண்டும் கூட. நாங்கள் தலையை உடைச்சுத் தெரிவு செய்த 22 பேரின்ர வாக்கும் இப்ப மேற்பார்வையாளர் ஒராளின்ர கையில.

காரணம் நிதி எண்டினம். பழி சனத்துக்குச் சுகமா ஏறினதுக்கு வேற கதையும் இருக்கு. போன வருசம் பிரான்ற் ஹால்டிமன்ட் நோர்ஃபோக் கத்தோலிக்கச் சபையில நாலு ட்ரஸ்டிமார் சிற்பமும் படமும் வாங்க இத்தாலிக்குப் போனவை. பயணத்துக்கு மட்டும் ஏறத்தாழ 45,000 டொலர். அது வேற சபை, எங்கட சபைக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கடையில நிண்டு கதைக்கிறவருக்கு ட்ரஸ்டி எண்டால் எல்லாரும் இத்தாலிதான்.

இது முதல் தரமும் இல்லை. 2002 இல பாதீட்டைச் சமப்படுத்த மாட்டம் எண்டு ட்ரஸ்டிமார் நிண்டதுக்கு, இதே சபைக்கு மாகாணம் ஒரு மேற்பார்வையாளரைப் போட்டது. ஆசிரியை அண்டைக்கு ரெலிபோனில சொன்ன ஓட்டை இதுதான். மாகாணம் தாற காசுக்கும் பிள்ளைக்குத் தேவையான காசுக்கும் நடுவில கிடக்கிறது.

2025 ஒக். 4

"எல்லாருக்கும் இது ஒரு படிக்கட்டு" எண்டு கோவமா எழுதியிருக்கிறீங்கள். எங்கட தமிழ் அரசியல்வாதியள் ரெண்டு பேரை எடுப்பம். நீதன் சாண் 2006 இல யோர்க் பிராந்தியப் பாடசாலைச் சபை, பிறகு 2016 இல ரொறன்ரோச் சபை, 2017 இல கவுன்சில், 2018 இல தோல்வி, 2022 இல திரும்பச் சபை, பிறகு சபைத் தலைவர், இப்ப போன திங்கள் இடைத்தேர்தலில திரும்பவும் கவுன்சில். யுவனிற்றா நாதன் 2010 இல ட்ரஸ்டி, 2022 இல மார்க்கம் கவுன்சில், இந்த வருசம் நாடாளுமன்றம்.

ஏறட்டும். ஒட்டாவாவுக்குப் போறவர் பாடசாலைப் பாதீடு எண்டால் என்ன எண்டு தெரிஞ்சு போறது எனக்கு நட்டமில்லை. நான் பாக்கிறது அந்தப் படியில நிண்ட காலத்தில என்ன செய்தவை எண்டதை. சபைக் கூட்டங்களின்ர பதிவும் நிகழ்ச்சிக் குறிப்பும் இணையத்தில கிடக்கு. 2026 ஒக்டோபர் 26 க்கு முதல் ஆராவது நிண்டால், பழைய ஆளெண்டால் அதைப் பாருங்கோ, புது ஆளெண்டால் அவர் அதைப் பாத்தவரோ எண்டு கேளுங்கோ. பாதீட்டுக் கூட்டம் ஒண்டை நானும் போட்டன். ரெண்டாவது மணித்தியாலத்தில மனுசி வந்து ரீவியை நூத்துப்போட்டு என்னை எழுப்பினவ.